ஈயப் படையும் இறைவன் விளையாட்டும்

யுத்தத்தை விரற்கடை அளவுக்குச் சுருக்கி, மேசைமீது அணிவகுத்து நிறுத்தி, அதைக் கண்டு மனம் மகிழ்வது தர்மத்துக்கு ஒத்ததா என்னும் வினாவைப் போரின் வெக்கை படாத தேசமொன்றிலே எழுப்பினால் அது ஓய்வுநேர விசாரமாக முடிந்துபோகும். வன்னிப் பெருநிலத்திலே எழுப்பினால் அப்படி முடியாது. மண்ணிற் கிடக்கும் சிறிய உலோகப் பொருள் எதையும் கையால் தொடாதே என்பது, இங்குள்ள பள்ளிப் பிள்ளைக்கு அரிச்சுவடியோடு சேர்த்துக் கற்பிக்கப்பட்ட பாடம். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள் நின்ற காணிகளிலே கண்ணிவெடி அகற்றுவோர் முழந்தாளிட்டு மண்ணைச் சுரண்டுவதைப் பார்த்து வளர்ந்த தலைமுறையொன்று இங்கே இருக்கிறது. ஆகையால் கண்ணாடிப் பேழைக்குள் ஈயப் படைவீரரைச் சேர்த்து வைக்கும் வழக்கம் இம்மண்ணில் வேரூன்றாததில் வியப்பில்லை. ஆனால் இலண்டனிலோ ரொறன்ரோவிலோ வளரும் பேரப்பிள்ளையொருவன், பிளாஸ்ரிக் படைவீரர் பெட்டியொன்றை வாங்கி வைத்துக்கொண்டு, "அம்மப்பா, இதை வைச்சு விளையாடுறது பாவமோ?" என்று தொலைபேசியிற் கேட்டால், கிளிநொச்சியிலிருக்கும் முதியவர் சொல்லத்தக்க விடை யாது? பாவம், எறிந்துவிடு என்பது எளிய விடை. அத்துணை எளிதாக நாவில் வந்துவிடுவதனாலேயே அதை ஐயுறவேண்டியிருக்கிறது.

படைவீரர் பொம்மை முதலிற் பிறந்த இடம் பிள்ளைகளின் முற்றமன்று. எகிப்திலே அசியூத் என்னும் ஊரில், மெசெகுதி என்னும் அதிபதியின் கல்லறையிலிருந்து எடுக்கப்பட்ட மரப்படை கெய்ரோ நூதனசாலையைச் சேர்ந்தது: ஈட்டியும் கேடயமும் தாங்கிய எகிப்தியர் 40 பேர், வில்லேந்திய நூபியர் 40 பேர். ஏறத்தாழ 4000 ஆண்டுகளுக்கு முன் செதுக்கப்பட்ட அவ்வீரர்கள் ஒரே அச்சில் வார்த்தவர் போல் இல்லை. உயரம் வேறு, கேடயத்தின் கோலம் வேறு, வெள்ளையும் கருமையும் தீட்டிய விழிகள் ஒவ்வொருவர் முகத்திலும் அகலத் திறந்திருக்கின்றன. மறுமையிலே தலைவனுக்குத் துணைபோகவேண்டியவர்கள் ஆதலால், செய்தவன் அவர்களை ஆட்களாகவே எண்ணிச் செய்தான். நம்மவர் ஐயனாருக்குச் செலுத்திய மண்குதிரைகளும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. புதுக்கோட்டைச் சீமையிலே ஊரார் கொடுத்த பிடிமண்ணைச் சேர்த்து வேளார் வனைந்து, புரவியெடுப்பு நாளிலே ஊர்கூடிச் சுமந்துசென்று நிறுத்தும் அக்குதிரைகளுட் சில மனிதனைவிட உயரமானவை. அவற்றின் முன் போய் நின்றால் சிறியவர் நாமே. வன்னியிலே குளக்கட்டுகளைக் காக்கும் ஐயனாருக்கு அத்தகைய குதிரை வரிசைகள் இல்லையாயினும், இரவிலே அவர் வலம்வருவார் என்னும் நம்பிக்கையிலே அதே பணிவு உண்டு. தெய்வத்தின் படை நம்மைப் பார்ப்பது; நாம் குனிந்து பார்ப்பதற்கு உரியதன்று.

குனிந்து பார்க்கும் படை பிற்காலத்தது. 1893இல் இலண்டனைச் சேர்ந்த வில்லியம் பிரிட்டன் குடும்பத்தார், உருகிய உலோகத்தை அச்சில் ஊற்றி, மேற்புறம் உறைந்தவுடன் உள்ளிருப்பதை வெளியே வடித்துவிட்டு, உட்கூடான வீரரை வார்க்கும் உபாயத்தைக் கண்டார்கள். ஈயம் மிச்சப்பட்டது, விலை இறங்கியது, 54 மில்லிமீற்றர் உயரமுள்ள சாம்ராஜ்யப் படைகள் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளின் அறைகளுக்குள் புகுந்தன. அவர்கள் வெளியிட்ட பெட்டிகளுள் சென்னைச் சுதேசக் காலாட்படையும் ஒன்று. 1795இல் திருகோணமலைக் கோட்டையை ஒல்லாந்தரிடமிருந்து பறிக்கச் சென்னையிலிருந்து கப்பலேறி வந்த கும்பினிப் படையின் வழித்தோன்றல்கள், நூறாண்டு கழித்துச் செஞ்சட்டைப் பொம்மைகளாகி, ஆங்கிலச் சிறுவனொருவன் விரலாற் சுண்டிவிட விழுந்தார்கள்.

அச்சிறுவர்களுக்கும், சிறுவர்களாகவே இருக்க விரும்பிய தந்தையருக்குமாக எச். ஜி. வெல்ஸ் 1913இல் 'சின்னப் போர்கள்' என்னும் பொருள்படும் பெயரோடு விதிநூலொன்றை எழுதினார். வில்விசையால் மரக்குண்டைச் செலுத்தும் பொம்மைப் பீரங்கியே அவ்விளையாட்டின் பிரமாஸ்திரம். போர்வெறி கொண்ட அரசரையும் தேசபக்தரையும் ஓர் அறைக்குள் விட்டு, வேண்டிய அளவு பொம்மைகளைக் கொடுத்துவிட்டால், உலகம் தன்பாட்டில் நிம்மதியாக வாழும் என்பது அந்நூலின் முடிவிலே அவர் கண்ட உபாயம். மறுவருடமே ஐரோப்பா பற்றி எரிந்தது. அது மட்டுமன்று, 1824இலேயே ரைஸ்விட்ஸ் என்னும் பிரஷ்ய அதிகாரி, நிலப்படமும் கட்டைகளும் தாயக்கட்டையும் கொண்டு தன் தந்தை தொடங்கிய போர்விளையாட்டைச் செப்பனிட்டுச் சேனாதிபதிகளுக்குக் காட்ட, பிரஷ்யச் சைனியம் அதைத் தன் பயிற்சியாகவே ஏற்றுக்கொண்டது. பொம்மை மனிதனின் போர்வேட்கையைத் தணிக்கும் என்ற வாதமும், அதுவே வளர்க்கும் என்ற வாதமும் சரித்திரத்திலே தத்தமக்குச் சாட்சிகளை உடையன. ஆகவே விளைவை வைத்து இவ்வழக்கைத் தீர்க்க இயலாது. பார்ப்பவனுடைய பார்வையையே விசாரிக்கவேண்டும்.

கீதையின் முதல் அத்தியாயத்திலே அர்ச்சுனன் தன் தேரை இரு சேனைகளுக்கும் நடுவே நிறுத்தச் சொல்கிறான். நிறுத்தியதும் அவன் காண்பது சேனையை அன்று. பாட்டனை, ஆசானை, மாமனை, தமையனை. காண்டீபம் கைநழுவுகிறது. பதினோராம் அத்தியாயத்திலே அவனுக்கு மற்றொரு பார்வை அளிக்கப்படுகிறது. அங்கே அனைவரும் காலரூபனின் வாயில் முன்னரே புகுந்துவிட்டவர்கள், அவன் வெறும் நிமித்தம். மேசைமீது படைநடத்துபவன் அடைவது இந்த இரண்டாவது பார்வையின் நிழல்: யார் விழுவார், யார் நிற்பார் என்பதெல்லாம் மேலிருந்து குனியும் தன் கையில். ஆனால் அர்ச்சுனன் விசுவரூபத்தைக் கண்டு நடுநடுங்கி, பழைய உருவத்தையே காட்டும்படி கெஞ்சினான். மேசையாளனுக்கோ அந்த நடுக்கம் இல்லை. முதல் அத்தியாயத்தின் கண்ணீரின்றிப் பதினோராம் அத்தியாயத்தின் உயரத்தில் ஏறி நிற்பதே இப்பொழுதுபோக்கின் உள்ளே உறையும் ஆபத்து என்று எனக்குத் தோன்றுகிறது.

இறைவனும் விளையாடுகிறான் அல்லவா என்று கேட்கலாம். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் இதற்கு இடமளித்தே பேசுகிறார்: படைத்தல் முதலிய தொழில்கள் திருவிளையாட்டென்று சொல்லப்படுவதுண்டு, ஆயினும் துன்பக் கடலில் அழுந்தும் உயிர்களை எடுத்துக் கரையேற்றும் அருளே அவற்றுக்கு ஏது. வருத்தமின்றிச் செய்வதால் விளையாட்டுப் போலத் தோன்றுகிறதேயன்றி, யாருக்காகச் செய்யப்படுகிறதோ அவ்வுயிரை மறந்த விளையாட்டன்று அது. இந்த அளவுகோலை ஈயப் படையின்மேல் வைத்துப் பார்த்தால், சேகரிப்போரை ஒரே தட்டில் நிறுக்க முடியாது என்பது புலனாகும். உறை பிரிக்காத பெட்டிகளை விலையேறுமென்று அடுக்கி வைத்திருப்பவனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மமகாரத்துக்குப் பொம்மையும் ஒன்றுதான், பொன்னும் ஒன்றுதான். ஆனால் வேறொருவன் இருக்கிறான். ஒரேயொரு வீரனைக் கையிலெடுத்து, இரவுகள் பலவற்றைச் செலவிட்டு, சட்டைப் பொத்தான் எத்தனை, சப்பாத்தின் நிறம் யாது, தோட்பட்டை எந்தப் பக்கம் சாயும் என்றெல்லாம் நூல்களைப் புரட்டி, மயிரிழைத் தூரிகையால் தீட்டுகிறானே, அவன் செய்வது யாது? உண்மைப் போரிலே எந்தத் தளபதியும் எந்தச் சிப்பாயின் முகத்தையும் அத்தனை நேரம் பார்த்ததில்லை.

திருவுருவம் செய்யும் நம் ஸ்தபதிகள், அங்கங்கள் யாவும் நிறைவேறிய பின்னரே, உரிய நேரம் பார்த்துக் கண்ணைத் திறப்பார்கள். அதுவரை அது கல். பொம்மை தீட்டுபவர்களுக்கும் கண்ணே இறுதிச் சோதனை. 54 மில்லிமீற்றர் உருவத்தில் கண்மணி ஊசிமுனைப் புள்ளி. 1959இல் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் வெளியிடத் தொடங்கிய சிற்றுருவங்களில் ஆள் ஓர் அங்குலம்கூட இல்லை, கண்ணென்பது வெறும் நிழற்கீற்று. இதைத் தீட்டுவதா விடுவதா என்று பொழுதுபோக்காளருக்குள் ஓயாத தர்க்கமுண்டு. அவர்கள் அதைத் தொழில்நுட்பத் தர்க்கமென்று கருதிக்கொண்டிருக்கிறார்கள். எதிரிப் படையின் சிப்பாய்க்கும் அதே பொறுமையோடு கண் திறப்பவன் அர்ச்சுனனுடைய தேர் நின்ற இடத்துக்குத் தன்னை அறியாமலே இறங்கி வந்தவன். அம்மப்பா பேரனுக்குச் சொல்லக்கூடியதும் ஏறக்குறைய இதுதான்: விளையாடு ராசா, ஆனால் மற்றப் பக்கத்து ஆளுக்கும் கண் கீறு.

இது புதிய உபதேசமன்று. கந்தசட்டி ஆறாம் நாளிலே ஈழத்து முருகன் கோயில்தோறும் நடக்கும் சூரன்போரைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலிலும் வவுனியாக் கந்தசாமி கோயிலிலும் இளைஞர் தோளிலே சூரன் குதித்தாடி வருவான். யானைத்தலையும் சிங்கத்தலையுமாகத் தலை மாறி மாறிப் பொருந்தும். வீதியின் ஒரு முனையிலே வேலவன், மறுமுனையிலே அவன். சூரனைச் செய்த தச்சன் அவனுடைய மீசைக்கும் விழிக்கும் குறைவைத்தவனல்லன். சுமக்கும் தோள்களும் அவனை இழிவாகச் சுமப்பதில்லை. கூட்டத்துப் பிள்ளைகளிற் பாதி சூரன் பக்கம் நின்றுதான் கூச்சலிடும். ஈற்றிலே மாமரம் பிளக்க, பகைவன் சேவலும் மயிலுமாகி, ஒன்று கொடியிலும் மற்றொன்று காலடியிலும் இடம்பெறுகிறான். கச்சியப்பரின் கந்தபுராணத்தை நம் முன்னோர் கோயில்களிலே வாசித்துப் பயன்சொல்லக் கேட்டதெல்லாம், பகையழிப்பின் முடிவு பகைவனை இல்லாமற் செய்வதன்று என்னும் இந்த விசித்திரத்தை நெஞ்சிற் பதிப்பதற்காகவே. போர் விளையாட்டாக இருப்பதற்கு இரண்டு பக்கமும் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் நின்றால் அது வெற்றித்தூண்.

வெற்றித்தூண்களுக்கு வன்னியிலே பஞ்சமில்லை. கிளிநொச்சியில் குண்டு துளைத்த பிரமாண்டமான கொங்கிறீற்றுக் கட்டியின் உச்சியிலே தாமரை பூத்திருக்கிறது. ஆனையிறவிலே 1991இல் கவசமிட்ட புல்டோசரை மறித்து மாண்ட சிப்பாய் காமினி குலரத்னவின் நினைவிடம் இருக்கிறது. அவனது துணிவை மறுப்பதற்கில்லை. மறுபக்கத்தாரான விடுதலைப் புலிகள் இயக்கத்தாரின் கனகபுரம், விசுவமடுத் துயிலுமில்லங்களோ உழுது நிரவப்பட்டன. இயக்கம் ஆண்ட காலத்திலும் எழுந்த நினைவுச்சின்னங்கள் தன் பக்கத்து முகங்களையே தாங்கி நின்றன. இவற்றுக்கெல்லாம் மாறான கல்லொன்று முல்லைத்தீவு மாவட்டத்திலே, ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில் நாட்டப்பட்டது. அதை நாட்டியது வென்ற பக்கம். 1803 ஒக்ரோபர் 31ஆம் திகதி இவ்விடத்தருகே வன்னித் தலைவன் பண்டாரவன்னியனைப் பிரித்தானியப் படைத் தலைவன் வொன் டிறிபேர்க் தோற்கடித்தான் என்று தம் பெருமையைப் பொறிக்கப் புகுந்தவர்கள், தோற்றவன் பெயரையும் கல்லில் ஏற்றிவிட்டார்கள். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிய அந்த வன்னியனைப் பின்வந்தோர் தேடிக் கண்டதும் பேணியதும் பெரும்பாலும் பகைவனின் கல்லைப் பற்றிக்கொண்டே. நாட்டியவர்களின் நோக்கம் தாராளமானதென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எதிரியின் பெயர் இல்லாமல் தம் வெற்றியை எழுத முடியாதென்ற அளவுக்காவது அவர்களிடம் நேர்மை இருந்தது.

இன்னொரு விஷயத்தையும் ஒளிக்காமற் சொல்லவேண்டும். வன்னியிலே பொம்மைக்குப் பதிலாகப் பிள்ளைகளையே படைவீரராக்கிய காலம் இருந்தது. 2003இல் யுனிசெப்போடு செயற்றிட்டமொன்றுக்கு உடன்பட்ட பின்னரும் இயக்கம் சிறுவரைச் சேர்ப்பதை நிறுத்தவில்லை. இறுதி மாதங்களில் வீட்டுக்கு வீடு தேடி இழுத்துச் சென்றது. பொம்மை விளையாட்டைப் பாவமென்று கண்டிக்க வாயெடுக்கும் நம்மவர் எவரும் முதலில் இதைக் கண்டித்தாக வேண்டும். உயிருள்ள பிள்ளையைக் காயாக நகர்த்திய கைக்கு முன்னால், ஈயத்தை நகர்த்தும் கையின் குற்றம் எம்மாத்திரம்?

இனி, இப்பொழுதுபோக்கிலே தேர்ந்த ஒருவன் வன்னிப் போரையே சிற்றுருவாக்க முனைகிறான் என்று வைத்துக்கொள்வோம். இத்தகைய சிற்றுருவங்களுக்குப் பெரிதும் வழங்கும் அளவுகளுள் ஒன்று எழுபத்திரண்டில் ஒன்று. அந்த அளவிலே ஆளொன்று இரண்டேகால் சென்ரிமீற்றருக்குச் சற்று மேல். 2009 மே 8ஆம் திகதி முள்ளிவாய்க்காலில் மூன்றாவது பாதுகாப்பு வலயமென்று அறிவிக்கப்பட்ட நிலம் ஏறத்தாழ இரண்டு சதுர கிலோமீற்றர். அதை எழுபத்திரண்டில் ஒன்றாகச் சுருக்கினால் 386 சதுர மீற்றர் வரும். நம் கணக்கில் ஒன்றரைப் பரப்புக் காணி. ஒரு வீட்டு வளவுக்குள் அடங்கிவிடும். டாங்கிகளும் துப்பாக்கி வீரரும் பெட்டி பெட்டியாகக் கடைகளில் உண்டு. ஆனால் தறப்பாள் கூடாரத்தின் வாசலில் கஞ்சிக்குக் கிண்ணம் நீட்டும் பிள்ளை, உழவு இயந்திரப் பெட்டியிலே காயப்பட்டவனோடு சாய்ந்திருக்கும் தாய், சேலையைத் தைத்து மண்மூட்டையாக்கிப் பதுங்குகுழி மேல் அடுக்கும் கிழவி, இவர்களை எந்த நிறுவனமும் வார்த்து விற்கவில்லை. புகையிரத மாதிரி செய்வோருக்கு ஜெர்மனியின் பிரைசர் நிறுவனத்தார் பயணிகளைச் செய்து கொடுக்கிறார்கள்; உலகப் போரின் ஐரோப்பிய அகதிகளைக் காட்டும் பெட்டிகளும் சில உண்டு; வன்னியாரை அவன் தன் கையாலேயே களிமண் உருட்டிச் செய்யவேண்டும். ஒருவர் பின் ஒருவராகக் கண் திறந்து அந்த ஒன்றரைப் பரப்பிலே அவர்களை நிறுத்திக்கொண்டு வந்தானாயின், படைவீரரை வைப்பதற்கு அவன் இடம் தேட நேரும்.