முற்றத்துச் சேவலும் தர்மமும்



அடைக்கோழிக்குக் கீழே 10 முட்டை வைத்தால் 21-ஆம் நாள் குஞ்சு பொரிக்கும். பொரித்ததில் ஏறத்தாழப் பாதி சேவலாக இருக்கும். 10 பெட்டைக்கோ ஒரு சேவல் போதும். கோழி வளர்க்கும் எல்லா வீட்டுக்கும் தெரிந்த கணக்கு இது. தெரிந்தும், மீதிச் சேவல்கள் எங்கே போகும் என்று அடை வைக்கும் நாளில் எவரும் கேட்பதில்லை. நாலைந்து மாதத்தில் கொண்டை சிவந்து, கூவத் தொடங்கி, ஒன்றையொன்று கொத்தி, பெட்டைகளின் முதுகு இறகு உதிரும்படி மிதித்து, முடிவில் முற்றத்தில் ஓடி விளையாடும் பிள்ளையின் மேல் பாயும்போதுதான் அந்தக் கேள்வி எழுகிறது.

அன்புக்கொடி மக்களின் வீடுகளில் இதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. கொன்று குழம்பு வைக்கும் வீட்டில் சேவல் மிகுந்தால் யாருக்கும் கவலை இல்லை. (எல்லா அன்புக்கொடி வீடும் சைவ வீடு என்று சொல்லிவிடவும் முடியாது, அது தனியே பேசவேண்டிய பொருள்.) உயிர்க்கொலை வேண்டாம் என்றிருக்கும் வீட்டில், முட்டைக்காகவும் உகப்படிப்பு நேரத்துக்கு எழுப்பும் கூவலுக்காகவும் கோழி நிற்கிறது. அங்கே மிகுந்த சேவலைச் சந்தையில் விற்கிறார்கள்; அல்லது கேட்டு வருகிறவரிடம் கொடுத்துவிடுகிறார்கள். கொடை நெருங்கும் மாதங்களில் சேவல் தேடி ஆள் வருவது எதற்கு என்று தென்மாவட்டங்களில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. வாங்குகிறவர் சண்டைக்கும் பழக்கலாம். விலங்குகளை மோதவிடுவதை 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் குற்றம் என்கிறது. ஆனாலும் சேவல் காலில் கத்தி கட்டுவது நின்றபாடில்லை.

விற்றதோடு விற்றவன் கணக்கு முடிந்தது, வெட்டியது வாங்கியவன் கணக்கு என்று சொல்வார் உண்டு. இதை நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். ஐயா வைகுண்டர் சாமிதோப்பில் தவமிருந்த காலத்தில் தென்திருவிதாங்கூரெங்கும் ஆடும் கோழியும் பலியாகிக்கொண்டிருந்தன. அந்தப் பலியை ஐயா வேண்டாமென்றார். சேவலை நேர்ந்து கொண்டுவருகிறவர் பெரும்பாலும் தம் கையால் வெட்டுவதில்லை. வெட்டுவதற்கு வேறொருவர் இருப்பார். அதனால் ஐயாவின் சொல் அரிவாள் பிடித்தவருக்கு மட்டும் உரியது என்று எவரும் கொள்ளவில்லை. உயிரைக் கொண்டுவந்து நிறுத்தியவருக்குத்தான் அது முதலில் பொருந்தியது. தமிழ்நாட்டுக் கோயில்களில் பலியைத் தடுக்க 1950-இல் ஒரு சட்டம் வந்தது, 2004-இல் நீக்கப்பட்டது. சட்டம் வரும், போகும். ஐயாவின் மக்கள் அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே பலியை விட்டவர்கள். அப்படி விட்டவர்களின் முற்றத்திலிருந்தே பக்கத்து ஊர்க் கொடைக்குச் சேவல் போகுமானால், உண்மையில் விட்டது எதை?

இனி, பாய்கிற சேவல் கெட்ட சேவலா? அது காவல்காரன். வானத்தில் பருந்தின் நிழல் தெரிந்தால் முதலில் குரல் கொடுப்பது அதுவே. புழுவோ தானியமோ கண்டால் தான் விழுங்காமல் பெட்டைகளைக் கூப்பிட்டுக் கொடுப்பதும் அதுவே. அந்தக் காவல் குணமே, இளஞ்சேவலாக இருக்கும் முதல் ஆண்டில், ஆளையும் எதிரியாக எண்ணவைக்கிறது. கம்பெடுத்து விரட்டினாலும் காலால் எத்தினாலும் சண்டைக்கு அழைத்ததாகவே அது கொள்ளும். மறுநாள் இன்னும் வேகமாக வரும். பயந்து ஓடினால் வென்றதாக நினைத்துக்கொள்ளும். பிள்ளைகள் இந்த இரண்டையும் மாறிமாறிச் செய்கிறார்கள். விளையாட்டுக்காகச் சேவலைச் சீண்டிப் பழக்கிவிட்டு, அது வளர்ந்தபின் குற்றத்தை அதன் தலையில் போடும் பெரியவர்களும் இருக்கிறார்கள்.

ஆனால் பிள்ளையின் கண் சேவலின் கோபத்தைவிடப் பெரிது. சிங்காரத்தோப்பில் சிறைவைக்கப்பட்ட ஐயாவின் முன் பசித்த புலி அடங்கிக் கிடந்ததை அகிலத்திரட்டு கூறுகிறது. அதை நம்பிச் சேவல் முன் குழந்தையை விடுவது பக்தி ஆகாது. பாய்கிற சேவலைப் பிள்ளைகள் நடமாடும் முற்றத்திலிருந்து அன்றைக்கே பிரித்துவிட வேண்டும். கால்முள்ளின் கூர்நுனியை மட்டும் அரத்தால் மழுக்கலாம். அடிப்பகுதியில் இரத்த ஓட்டம் உண்டு, அங்கே கைவைக்கக் கூடாது. ஒன்றாக வளர்ந்த சேவல்களைப் பெட்டை கண்ணில் படாத வேலிக்குள் சேர்த்து விட்டால், பெரும்பாலும் சண்டை தணிந்து கிடக்கும். விளையின் ஓரத்தில் கொஞ்சம் இடமும் வலையும் இருந்தால் போதும். தீனிச் செலவு உண்டு. வீட்டுச் சேவல் 5 முதல் 8 ஆண்டுவரை உயிரோடு இருக்கும்; அத்தனை நாளும் முட்டையிடாத ஒன்றுக்குத் தீனி போடுவதை வீட்டார் எல்லோரும் மனமுவந்து செய்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. எளிய உயிரைத் தாங்குவது தர்மம் என்று படித்தவர்களுக்கு அது கையைக் கடிக்கிற இடம் இதுதான்.

சிலர் சேவலைக் கோயில் வளாகத்திலோ காட்டோரத்திலோ கொண்டு விட்டுவிட்டு, உயிரை விடுதலை செய்ததாக நிம்மதி அடைகிறார்கள். வீட்டில் வளர்ந்த பறவைக்கு அங்கே கூடும் இல்லை, காவலும் இல்லை. விரைவிலேயே கீரியோ நாயோ பிடித்துவிடும்.

கோழியே வளர்க்காமல் கடையில் முட்டை வாங்கினால் பாவமில்லை என்றும் கொள்ள வேண்டாம். முட்டைக் கோழி இனத்தில் பொரிக்கும் சேவல் குஞ்சு முட்டையிடாது, இறைச்சிக்கும் தேறாது. அதனால் உலகெங்கும் பொரிப்பகங்களில் முதல் நாளே கொல்லப்படுவது வழக்கமாயிற்று. ஜெர்மனி 2022-இல் அதைச் சட்டத்தால் தடுத்தது. இங்கே திருவிழாக் கடைகளில் சாயம் தோய்த்து விற்கும் குஞ்சுகளில் பெரும்பாலானவை அந்தச் சேவல்களே.

ஆகவே தர்மத்தின் கேள்வி அடை வைக்கும் நாளிலேயே வருகிறது. 4 சேவலுக்கு இடமும் தீனியும் இருக்கிற வீடு 8 முட்டை வைக்கலாம். இல்லாத வீடு அடையை வைக்காமல், முட்டையை அன்றன்றே எடுத்துவிடலாம். ஏற்கெனவே வளர்ந்து நிற்கும் சேவலுக்கு, சேவலில்லாத கோழிக்கூடு வைத்திருக்கும் அன்புக்கொடி வீடு பக்கத்து ஊர்களில் இருக்கக்கூடும். பதியிலும் நிழல்தாங்கலிலும் கூடும்போது விசாரிக்கலாம். கொடுக்கும்போது, இது பாயும், பிள்ளைகளை விலக்கி வையுங்கள் என்று சொல்லியே கொடுக்க வேண்டும். வெட்டவோ விற்கவோ மாட்டோம் என்ற வார்த்தையை வாங்கிக்கொண்டு, பணம் வாங்காமல் கொடுப்பது நல்லது.