தண்டவாளத்தில் நின்றவர்களின் நியாயம்

2022 ஆகஸ்ட் 19 காலை. மும்பையை ஒட்டிய தானேக்கு அடுத்து இருக்கிறது கல்வா. அங்குள்ள ரயில் பணிமனையிலிருந்து கிளம்பி வந்த ஏசி லோக்கலை மக்கள் தண்டவாளத்தில் இறங்கி மறித்தார்கள். எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். நாள்தோறும் ஏறிப் போன சாதாரண ரயிலின் நேரத்தில் அன்று ஏசி ரயில் வந்து நின்றது. சில நாட்களில் பத்லாபூரிலும் அதே கோபம் வெடித்தது. புதிதாகச் சேர்த்த 10 ஏசி சேவைகளையும் ஆகஸ்ட் 25 முதல் மத்திய ரயில்வே திரும்பப் பெற்றது.

பழைய ரயில் கிடைத்துவிட்டது. ஆனால், ரயிலை மறித்தது சரியா, மறிக்கும் நிலைக்கு மக்களைத் தள்ளியது சரியா என்பதை அத்தோடு விட்டுவிட முடியாது. நாட்டின் எந்தப் பெருநகரிலும் நாளை இது நடக்கலாம்.

நிர்வாகத்தின் கணக்கில் அன்று ஒரு ரயில்கூடக் குறையவில்லை. மத்திய ரயில்வேயின் புறநகர்ச் சேவைகள் 1,810. மாற்றத்துக்குப் பிறகும் 1,810தான். மும்பைத் தண்டவாளங்களில் காலை நேரத்தில் இன்னொரு ரயிலை நுழைக்க இடம் இல்லை. ஆகவே ஏசி ரயில் ஒன்று ஓட வேண்டுமென்றால் சாதாரண ரயில் ஒன்று நிற்க வேண்டும். எண்ணிக்கை மாறவில்லை என்று சொல்வது பொய்யல்ல. ஆனால் சாதாரண டிக்கெட் எடுத்தவருக்கு அன்று 10 ரயில்கள் இல்லாமல் போயின என்ற உண்மையை அது மறைத்துவிடுகிறது. இதைச் சேவைக் குறைப்பு என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

கட்டணத்தையும் பார்க்க வேண்டும். 2022 மே மாதம் ஏசி லோக்கலின் ஒற்றைப் பயணக் கட்டணம் பாதியாகக் குறைக்கப்பட்டது. 65 ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணம் 30 ஆனது. சாதாரண இரண்டாம் வகுப்பில் அது 5 ரூபாய். பத்லாபூர், மும்பை சிஎஸ்எம்டி நிலையத்திலிருந்து ஏறக்குறைய 68 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அவ்வளவு தூரத்தில் யாரும் ஆசைப்பட்டுக் குடியேறுவதில்லை. நகருக்குள் வாடகை கொடுக்க முடியாதவர்கள்தான் அங்கே போகிறார்கள். நகரின் கடைகளையும் அலுவலகங்களையும் மருத்துவமனைகளையும் திறந்து வைப்பவர்கள் அவர்களே. பயணச் செலவில் 57 சதவீதத்தை மட்டுமே ரயில்வே திரும்பப் பெறுகிறது என்று டிக்கெட்டிலேயே அச்சிட்டு வந்தார்கள். ஏதோ தருமம் வாங்குவதுபோல் பயணியைக் கூசவைக்கும் வாசகம் அது. மீதிச் செலவால் பயன் அடைவது அந்தப் பயணி மட்டுமா? அவர் நேரத்துக்கு வந்து சேர்வதை நம்பி நடக்கும் ஊர் முழுவதும்தான்.

எதிர்த்தரப்பின் வாதத்தை எளிதாகத் தள்ளிவிடவும் கூடாது. மும்பைப் புறநகர்ப் பாதைகளில் அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்கு 2,000 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். தண்டவாளத்தைக் கடக்கையில் அடிபட்டவர்கள் ஒரு பகுதி, படியில் தொங்கி விழுந்தவர்கள் ஒரு பகுதி. ஏசி ரயிலில் கதவு தானாக மூடிக்கொள்ளும். அதில் யாரும் தொங்க முடியாது. முதியவர்களும் நோயாளிகளும் கர்ப்பிணிகளும் வெக்கையில் நசுங்காமல் போகலாம். உயிரைக் காக்கும் ரயிலை மறிப்பது எப்படி நியாயம் என்று கேட்டால், அந்தக் கேள்விக்கு மதிப்பு உண்டு.

ஆனால் உயிரைக் காப்பது கதவு. அதைக் குளிரூட்டிய பெட்டிக்கு மட்டும்தான் பொருத்த முடியுமா? 2025 ஜூன் 9 அன்று கல்வாவுக்கு அடுத்த நிலையமான மும்ப்ராவின் அருகே இரண்டு ரயில்கள் ஒன்றையொன்று கடந்தபோது, படியில் நின்றவர்கள் கீழே விழுந்தார்கள். நால்வர் அன்றே இறந்தார்கள். அதன் பிறகுதான், ஏசி இல்லாத லோக்கல்களிலும் தானியங்கிக் கதவு வைக்கப்படும் என்று ரயில்வே அறிவித்தது. மூடிய பெட்டிக்குள் காற்று போதாது என்பதே அதுவரை சொல்லப்பட்ட தடை. கதவில் காற்றுத் துளைகள், கூரையில் காற்றோட்டக் கருவி, பெட்டிக்குப் பெட்டி நடந்து போகும் வழி ஆகியவை அதற்கான தீர்வாக முன்வைக்கப்பட்டன. இந்தத் தீர்வை முன்பே தேடியிருக்க வேண்டும். பாதுகாப்பைக் கூடுதல் கட்டணத்தோடு கட்டிப்போட்டுவிட்டு, காசில்லாதவரிடம் பாதுகாப்பின் அருமையை எடுத்துச் சொல்வது அறமாகாது. அவருக்கு இருந்த ஒரு ரயிலையும் எடுத்துவிட்டால், அடுத்த ரயிலின் படியில் இன்னும் இரண்டு பேர் கூடுதலாகத் தொங்குவார்கள்.

மறியலுக்கு வருவோம். ரயிலை மறிப்பது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 174ஆவது பிரிவின்படி குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. சட்டம் இருக்கட்டும். மறித்த ரயிலுக்குப் பின்னால் நின்ற ரயில்களில் இருந்தவர்கள் யார்? அவர்களும் கூலிக்குப் போகிறவர்கள்தான். நேர்முகத் தேர்வுக்குப் போனவர் இருந்திருப்பார், மருத்துவமனைக்குப் போனவர் இருந்திருப்பார். அவர்கள் இழந்ததை யாரும் ஈடுசெய்யப் போவதில்லை. நியாயமான கோரிக்கை என்பதாலேயே இந்தக் கடன் தீர்ந்துவிடாது. போராடுகிறவர்கள் அதை மனதில் வைத்திருக்க வேண்டும். மறியல் கடைசி வழியாகத்தான் இருக்கலாம். அதுவும் சற்று நேரத்துக்கு மட்டுமே.

முந்தைய வழிகளை அடைத்தது யார்? கால அட்டவணையை மாற்றும் முன் அந்த ரயிலில் போகிறவர்களிடம் கேட்டிருந்தால் கல்வாவில் ஒருவரும் தண்டவாளத்தில் இறங்கியிருக்க மாட்டார்கள். சீசன் டிக்கெட் வாங்கியவர் ஒரு மாதத்துக்கு முன்பணம் கட்டியவர். அந்த ரயிலை நம்பித்தான் வேலையை ஒத்துக்கொண்டார், குழந்தையைப் பள்ளியில் சேர்த்தார். அந்த நம்பிக்கையை ஓர் அறிவிப்பில் உடைத்தவர்கள் மீதே பெரிய பழி விழுகிறது. மறித்தவர்கள் மீது விழுவது அதைவிடச் சிறியது.

சென்னைக் கடற்கரை – தாம்பரம் – செங்கல்பட்டுப் பாதையிலும் 2025 ஏப்ரல் 19 முதல் ஏசி மின்சார ரயில் ஓடுகிறது. அதில் குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய், சாதாரண ரயிலில் 5 ரூபாய். ஏசி ரயில்கள் பெருகட்டும். ஆனால் ஏற்கெனவே ஓடும் ஒரு சாதாரண ரயிலின் நேரத்தைத் தொடுவதாக இருந்தால், ஒரு மாதம் முன்பே ஒவ்வொரு நிலையத்திலும் பலகை வையுங்கள். அந்த ரயிலில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள். கேட்காமல் எடுக்காதீர்கள்.