பிடித்து விடுவது கருணையா?

இங்கிலாந்து நாட்டிலே பனிக்காலம் முழுவதும் ஒரே கடுமையாக இருப்பதில்லை. பல நாட்கள் உறைபனி வாட்டிய பின், அட்லாண்டிக் மாகடலிலிருந்து தென்மேற்குக் காற்று எழும். வானம் மேகம் கவிந்து, குளிர் தணிந்து, இரண்டு மூன்று நாட்கள் இதமாக இருக்கும். அந்நாட்களுக்கென்றே காத்திருந்து, தூண்டிலும் கையுமாக ஆற்றங்கரைக்கு விரையும் மக்கள் அங்கே ஏராளம். மீன் விற்றுப் பிழைப்பவர்களல்லர் இவர்கள். ரோச், சப், பைக் முதலிய நன்னீர் மீன்களைப் பிடிக்கிறார்கள், நிறுத்துப் பார்க்கிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள், பின்னர் மீண்டும் ஆற்றிலேயே விட்டுவிடுகிறார்கள். ஐசக் வால்டன் என்பார் 1653இல் தூண்டிற்கலை பற்றி எழுதிய புகழ்பெற்ற நூலில் சப் மீனையும் பைக் மீனையும் சமைக்கும் முறைகூடச் சொல்லப்பட்டிருக்கிறது. அவர் காலத்தில் அடுப்புக்குச் சென்ற மீன் இன்று ஆற்றுக்குத் திரும்புகிறது. இதைக் கருணையின் வளர்ச்சி என்று அவர்கள் எண்ணுகிறார்கள். அப்படித்தானா என்பதே நாம் ஆராய விரும்புவது.

மீனுக்குத் தனக்கென உடற்சூடு கிடையாது. நீரின் சூடே அதன் சூடு. நீர் குளிர்ந்தால் அதன் செரிமானம் மந்தமாகும், பசி அடங்கும், ஓட்டம் குறைந்த ஆழமான இடங்களில் அசைவற்றுக் கிடக்கும். நீரின் சூடு சிறிது ஏறினாலும் போதும், இரை தேடிப் புறப்பட்டுவிடும். தூண்டிற்காரர் இதை நன்கறிவார். நெடுநாள் ஒடுங்கிக் கிடந்த ஓர் உயிர் தன் இரணத்தைத் தேடி வெளிவரும் வேளையே அவருக்கு ஏற்ற வேளை. தமிழிலும் அக்கருவிக்குத் 'தூண்டில்' என்று எவ்வளவு பொருத்தமாகப் பெயரிட்டார்கள்! தூண்டுவதே அதன் தொழில்.

பசியைக் கொண்டு பிடிப்பதால் மட்டும் அது குற்றமாகிவிடாது. அரபு மொழியில் 'பஹ்ர்' என்னும் சொல் உப்புக் கடலுக்கு மட்டுமன்றி இனிய நீர்ப்பெருக்குக்கும் வழங்குவது. எனவே கடல் வேட்டை ஆகுமென்ற அனுமதி ஆற்றுமீனுக்கும் உரியதே. ஆனால் அந்த அனுமதி உணவுக்காக வந்தது. உயிருள்ள ஒன்றை அம்புக்குக் குறியாக நிறுத்துவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். "நாங்கள் கொல்வதில்லையே! கொன்று தின்னும் நீங்களா எங்களுக்குக் கருணை கற்பிப்பது?" என்று ஆங்கிலேயர் கேட்கக்கூடும். எளிதில் தள்ளிவிடத்தக்க கேள்வியன்று இது.

மீனுக்கு வலிக்குமா? 2003இல் லின் ஸ்னெடன் அம்மையாரும் உடனாய்ந்தோரும் ட்ரௌட் மீனின் தலையில் காயத்தை உணரும் நரம்பு முனைகளைக் கண்டறிந்தனர். உதட்டில் அமிலம் செலுத்தப்பட்ட மீன்கள் உணவை மறந்து, உதட்டைக் கூழாங்கற்களில் தேய்த்துக்கொண்டன. இது நாம் அறியும் வலியன்று என மறுக்கும் அறிஞரும் உளர். ஐயமுள்ள இடத்தில் ஒதுங்கி நிற்பதே பேணுதல் என்று கற்றவர்கள் நாம். பேணுதலுள்ள தூண்டிற்காரர்களும் இதை உள்ளூர அறிந்தேயிருக்கிறார்கள். ஈரக் கையால்தான் மீனைத் தொடவேண்டும், எதிர்முனையில்லாத முள்ளையே பயன்படுத்தவேண்டும் என்று தமக்குத் தாமே விதி வகுத்துக்கொண்டிருக்கிறார்களே!

சுவிட்சர்லாந்து 2008இல் ஒரு சட்டம் செய்தது: திரும்ப விடும் எண்ணத்தோடு மீன் பிடிக்கலாகாது. உண்பவன் பிடிக்கலாம், விடுபவன் பிடிக்கக்கூடாது! முதலில் கேட்கும்போது தலைகீழாகத் தோன்றுகிறது. நிய்யத்தை வைத்து நோக்கினால் நேராகிவிடுகிறது. உண்பவனுக்கு மீனின் துடிப்பு தவிர்க்க முடியாத ஒரு கேடு. விரைவில் முடிந்தால் அவனுக்கு மகிழ்ச்சி. விளையாடுபவனுக்கோ அத்துடிப்பே வேண்டுவது. இழுத்துப் போராடாத மீனை அவன் மதிப்பதில்லை. இறுதியில் விட்டுவிடுவதால் இடையில் செய்தது இல்லாமலாகாது.

எதிர்ப்பக்கத்து நியாயம் ஒன்றையும் மறைக்கலாகாது. டெர்பி நகரருகே டெர்வெண்ட் ஆற்றில் கழிவுநீரும் வெந்நீரும் கலந்து மீன்கள் மடிந்தபோது, வழக்காடி 1950களின் தொடக்கத்தில் வென்றது தூண்டிற்காரர் சங்கமே. மீன் உண்ணும் நம்மவர் எந்த ஆற்றுக்காக நீதிமன்றப் படியேறினோம்? தூண்டில் இல்லாமலும் ஆற்றைக் காக்கலாம் என்பது உண்மை; காத்தவர்கள் தூண்டிலோடு வந்தவர்கள் என்பதும் உண்மை. இவ்விடத்தில் நம் தீர்ப்பைச் சற்று அடக்கியே சொல்லவேண்டியிருக்கிறது.

நம் பிள்ளைகள் பலர் அந்நாட்டில் குடியிருக்கின்றனர்; நண்பர்கள் அழைக்கக் கரைக்குச் செல்கின்றனர். அவர்களுக்கு நாம் சொல்வது, உண்பதற்கென்றால் பிடியுங்கள், இல்லையேல் கரையில் அமர்ந்து காற்று வாங்குங்கள் என்பதே. அங்குள்ள ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை இவ்வகை மீன் பிடிக்கத் தடை, பனிக்காலத்தில் தடையில்லை. உரிமச்சீட்டும் நீர்நிலைக்கு உரியவரின் இசைவும் பெற்றவர், ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 65 சென்டிமீட்டருக்கு மேற்படாத பைக் ஒன்றையும், 20 சென்டிமீட்டருக்கு மேற்படாத சிறுமீன் பதினைந்தையும் வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். ஒரு குடும்பத்தின் இரவுச் சோற்றுக்கு அது தாராளம்.