வீட்டுச் சோறும் தர்மச் சோறும்

அய்யா துணை



தாங்கலில் உச்சிப்படிப்பு முடிந்து அன்னம் வாங்கி உட்கார்ந்திருக்கும் வேளையில் பெரியவர்களிடையே எழுகிற கேள்வி ஒன்று உண்டு. பதியிலும் தாங்கலிலும் பரிமாறுகிற அன்னம் தர்மம். அதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் வீட்டு அடுக்களையில் ஆக்கி, பெற்ற பிள்ளைக்கும் கூடப்பிறந்தவளுக்கும் பழகிய சிநேகிதனுக்கும் போடுகிற சோறு தர்மத்தில் சேருமா, சேராதா?

சேராது என்பார் சிலர். பிள்ளைக்குப் போடுவது பாசம். காகமும் தன் குஞ்சுக்கு ஊட்டத்தான் செய்கிறது. சிநேகிதனுக்குப் போடுவது கைமாற்று. இன்று இவர் வீட்டில், நாளை அவர் வீட்டில். திரும்பி வருகிற சோற்றைத் தர்மம் என்று எப்படிச் சொல்வது என்பது அவர்கள் வாதம். வேறு சிலரோ, வீட்டில் உள்ளவரின் பசி அறியாதவன் ஊருக்கு அன்னம் போட்டு என்ன பயன் என்று கேட்பார்கள். இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆகவே அய்யா காட்டிய வழியில் வைத்துத்தான் இதைப் பார்க்க வேண்டும்.

அய்யா வைகுண்டர் அவதரித்தது கொல்லம் ஆண்டு 1008, மாசி 20. அன்றைய திருவிதாங்கூரில் ஒருவன் யாரோடு உட்கார்ந்து உண்ணலாம், எந்தக் கிணற்றில் தண்ணீர் கோரலாம் என்பதைச் சாதிதான் தீர்மானித்தது. அப்படிப்பட்ட காலத்தில் அய்யா முத்திரிக் கிணற்றை எல்லாருக்கும் பொதுவாக்கினார். எல்லாச் சாதி மக்களையும் ஒரே வரிசையில் உட்கார வைத்து உண்ண வைத்தார். வாகைப்பதியில் துவையல் தவசு இருந்தவர்கள் சுமார் 700 குடும்பத்தார். பச்சரிசியும் சிறுபயறும் சேர்ந்த ஒரு வேளை அன்னமே அவர்களுக்கு ஆகாரம். உள்ளவன் வீட்டுச் சோறு, இல்லாதவன் வீட்டுச் சோறு என்ற பேதம் அங்கே இல்லை.

இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. பசித்தவனுக்குச் சோறு கொடுக்கச் சொன்னதோடு அய்யா நிறுத்தவில்லை. எல்லாரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து உண்ண வைத்தார். நின்று கொண்டு பரிமாறுகிறவன் உயரத்தில் இருக்கிறான். உட்கார்ந்து உண்கிறவன் தாழ இருக்கிறான். இருவரும் உட்கார்ந்த பிறகுதான் அந்த உயரமும் தாழ்வும் போகும்.

இந்த அளவுகோலை இனி வீட்டுக்குள் கொண்டு வந்து பார்க்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டுக்குத் தம்பி குடும்பத்தோடு வருகிறான். இரண்டு சிநேகிதர்களும் வருகிறார்கள். மரச்சீனிக் கிழங்கு அவித்து, கஞ்சியும் பயறும் தேங்காய்த் துவையலும் வைத்து எல்லாரும் வயிறார உண்கிறார்கள். விடியற்காலம் முதல் தேங்காய் துருவி அடுப்படியில் நின்றவள் கடைசியில் உட்காரும்போது பானையின் அடியில் கஞ்சித் தண்ணீர் மட்டும் கிடக்கிறது. தாங்கலில் பணிவிடை செய்கிறவர்களும் கடைசியில்தான் உண்கிறார்கள். ஆனால் அவர்கள் பங்கை எடுத்து மூடி வைக்க ஆள் உண்டு. ஆக்கியவளின் பங்கை மறந்த விருந்தில் பாசம் இருக்கலாம். தர்மம் குறைந்துதான் போயிற்று.

அதே வீட்டுக்கு இருபது வருடமாக வந்து போகிற இன்னொரு சிநேகிதன் இருக்கிறான். வேறு சாதிக்காரன். தாங்கலில் இருவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து அன்னம் உண்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் மட்டும் அவனுக்குக் காப்பி திண்ணையோடு நின்று விடுகிறது. யாரும் அவனை ஏசவில்லை, போ என்று சொல்லவில்லை. உள்ளே வா என்று சொல்லவும் இல்லை. முத்திரிக் கிணற்றில் போன தீட்டு இந்த வாசல்படியில் வந்து ஒளிந்து கொண்டிருக்கிறது. தலைப்பாகை கட்டித் திருநாமம் இட்டுப் பதியில் காட்டுகிற சமத்துவம் வீட்டு வாசலில் நின்று போனால், அது பதியின் சமத்துவம்தானே தவிர அந்த மனிதனுடையது ஆகாது.

இன்னும் கடினமான சோதனை ஒன்று உண்டு. பிறருக்குப் போடுவது எளிது. பிறர் வீட்டில் போய் உண்பதுதான் கடினம். வசதி உள்ளவர் ஏழைச் சிநேகிதனை நூறு முறை விருந்துக்கு அழைப்பார். ஆனால் அவன் ஓலைக்கூரை வீட்டில் ஒரு நாள் உட்கார்ந்து பழக்கஞ்சி குடித்திருப்பாரா? குடிக்காதவரை அவன் கடன்பட்டவனாகவே நிற்கிறான். சில நாளில் திருப்பிச் செய்ய முடியவில்லையே என்ற வெட்கத்தில் வருவதையே நிறுத்தி விடுகிறான். அவன் கையால் ஒரு கருப்பட்டிக் காப்பி வாங்கிக் குடித்தால் போதும், அவன் தலை நிமிர்ந்து விடும். தாழக் கிடப்பவரைத் தூக்கி விடுவது கொடுப்பதால் மட்டும் நடப்பதில்லை. வாங்கிக் கொள்வதாலும் நடக்கிறது. திரும்பி வருகிற சோறு தர்மமாகாது என்ற வாதத்துக்கும் இதுவே பதில். எவ்வளவு வந்தது என்று கணக்கு வைத்தால்தான் அது கைமாற்று. அவனும் கொடுக்கட்டும் என்று இடம் விட்டால் அது தர்மம்.

அதற்காகக் கூலி வேலைக்குப் போய் அளந்து அரிசி வாங்குகிறவன் ஊரையெல்லாம் வீட்டுக்கு அழைக்க முடியுமா? முடியாது. அய்யா அப்படிக் கேட்கவும் இல்லை. பெற்ற பிள்ளை பசித்திருக்க வெளியே தர்மம் செய்யச் சொல்கிற வழி அல்ல இது. மரத்தின் நிழல் முதலில் தன் வேரடியில்தான் விழுகிறது. ஆனால் அங்கே வேலி போட்டுக் கொள்வதில்லை. வெயிலில் வந்தவன் எவனும் அதில் ஒதுங்கலாம். அதனால்தான் அய்யாவின் இடத்துக்கு நிழல் தாங்கல் என்று பெயர். சொந்தத்தின் மேல் வைக்கிற அன்பு கலி அல்ல. அந்த அன்பைச் சுற்றிப் போடுகிற வேலிதான் கலி.

ஆகவே வீட்டுச் சோறு தர்மத்தில் சேரும். பதியில் உள்ள முறை வீட்டிலும் இருந்தால் சேரும். ஆக்கியவளின் பங்கை முதலில் எடுத்து மூடி வையுங்கள். திண்ணையில் நிற்கிறவரை உள்ளே அழைத்துப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர் அழைக்கும்போது மறுக்காமல் போய் உண்ணுங்கள். இப்படி நடக்கிற அடுக்களையும் ஒரு தாங்கல்தான்.

அய்யா உண்டு.