பொய்க்கண் பொய்யா?

என் இடது கண் அக்ரிலிக்கில் செய்தது. எனக்கு இரண்டு வயதில், போட்டோவில் கண்மணி வெள்ளையாக மின்னியதை அம்மா கவனித்தார். ரெட்டினோபிளாஸ்டோமா என்ற அரிய விழித்திரைப் புற்றுநோய். உயிரைக் காக்கக் கண்ணை எடுத்துவிட்டார்கள். "போன ஜென்மப் பாவம்" என்றனர் சிலர். ஆர்பி1 என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றம்தான் காரணம் என்கிறது மருத்துவம்.

"பொய்க்கண்ண மாட்டிக்கிட்டு ஊர ஏமாத்துறியாடா?" என்று ஸ்கூடாயில் உடன்படிக்கும் நண்பன் விளையாட்டாகக் கேட்டான். மனசு வலித்தது.

ஜொகூர் பாரு மாரியம்மன் கோயிலில் நின்றபோது தோன்றியது: அம்மனுக்கு வெள்ளிக் கண்மலர் சாத்துகிறோம், அதைப் பொய் என்கிறோமா? செய்த கண் பொய்யல்ல. இடப்பக்கம் தெரியாததை மறைத்து, தெரிவதுபோல் நடித்தேனே, அதுதான் பொய்.

இப்போது நானே சொல்லிவிடுகிறேன்: "வலப்பக்கம் உட்காருடா, அப்பதான் உன்னப் பாக்க முடியும்." யாரும் விலகிப் போகவில்லை.