ரோமாபுரி விருந்தில் ஒரு சிறைவாசி

ரோம் நகரில் பெரும் பணக்காரர்கள் கூடிய விருந்து. சாப்பாட்டுக்கு நடுவே ஒரு முதியவர் எழுந்து நிற்கிறார். பட்டும் வைரமுமாக உட்கார்ந்திருப்பவர்களைத் தன்னோடு அடைபட்ட கைதிகளாக எண்ணிக்கொண்டு, சிறைக்கு வந்ததற்காக வரவேற்றுப் பேசத் தொடங்குகிறார்.

சார்லஸ் டிக்கன்ஸின் ‘லிட்டில் டோரிட்’ நாவலில் வில்லியம் டோரிட் நிலைகுலையும் இடம் இது. கடனைக் கட்ட முடியாமல் லண்டன் மார்ஷல்சி சிறையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கிடந்த மனிதர். எதிர்பாராத சொத்து வந்து விடுதலையானதும், சிறை என்ற பேச்சையே குடும்பத்தில் எடுக்கவிடாமல் வாழ்ந்தார். கடைசியில் அவர் வாயே அதைப் போட்டு உடைத்தது.

இந்தக் கூச்சம் டிக்கன்ஸின் சொந்த வீட்டுச் சரக்கு. 1824இல் அவருடைய அப்பா, ரொட்டிக்கடைக்காரர் ஒருவருக்குத் தரவேண்டிய நாற்பது பவுண்டு சொச்சத்துக்காக இதே மார்ஷல்சிக்குப் போனார். அம்மாவும் சின்னப் பிள்ளைகளும் பின்னாலேயே உள்ளே குடிபோனார்கள். பன்னிரண்டு வயது சார்லஸ் வெளியே தங்கி, ஷூ பாலிஷ் குப்பிகளுக்கு லேபிள் ஒட்டி வாரம் ஆறு ஷில்லிங் சம்பாதித்தான். கடன்பட்டவனைப் பூட்டி வைத்தால் அவன் எதைச் சம்பாதித்து அடைப்பான் என்று அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்குத் தோன்றவே இல்லை போலும்!

உலகமே கொண்டாடிய பிறகும் டிக்கன்ஸ் இதை ஊரறியச் சொன்னதில்லை. நண்பர் ஜான் ஃபார்ஸ்டரிடம் மனம் திறந்தார். 1870இல் அவர் இறந்த பின், ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில்தான் வாசகர்களுக்குத் தெரிந்தது. மார்ஷல்சியோ 1842இலேயே மூடப்பட்டுவிட்டது. மூடிய சிறையைப் பற்றி 1855இல் எழுத உட்கார்ந்தார் என்றால், அவருக்குள் அது மூடவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

இங்கிலாந்தில் 1869ஆம் ஆண்டுச் சட்டம் கடனுக்காகச் சிறையிலிடுவதைப் பெரும்பாலும் ஒழித்தது. இந்தியாவில் கடனைக் கட்டாதவரை அடைக்கும் உரிமையியல் (சிவில்) சிறை இன்றும் சட்டப் புத்தகத்தில் உண்டு. ஆனால், கொடுக்க வழியில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை உள்ளே தள்ளக் கூடாது என்று 1980இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சுவர் போனாலும் கூச்சம் போகவில்லை. வசூலுக்கு வருபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி கத்துவது பழைய முறை. கடன் செயலிகள் வந்த பிறகு, வாங்கியவரின் கைப்பேசியில் இருக்கும் பெயர்களை எல்லாம் உருவிக்கொண்டு, மாமனாருக்கும் மேலதிகாரிக்கும் செய்தி அனுப்பினார்கள். ஐயாயிரம் ரூபாய்க் கடனுக்கு மானம்தான் ஈடு. டோரிட் இத்தாலிக்குப் போயாவது கொஞ்ச நாள் மறைக்க முடிந்தது. செயலியில் கடன் வாங்கியவர்களுக்கு அந்த அவகாசமும் இல்லை. கடன் செயலிகள் யாருடைய தொடர்புப் பட்டியலையும் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் விதி போட வேண்டியிருந்தது.