மலையேறிய மாதிரி

2023 ஜூலை 13. நிலவுக்குச் சந்திரயான்-3 கிளம்ப ஒரு நாள்தான் பாக்கி. இஸ்ரோ விஞ்ஞானிகள் சிலர் கலத்தின் சிறு மாதிரியோடு திருமலைக்குப் போய்ப் பெருமாளைச் சேவித்தார்கள். படம் வெளியானதும் வழக்கமான சண்டை மூண்டது: கணக்கை நம்புகிறவருக்குக் கோயில் எதற்கு?

நியாயமான கேள்விதான். ஆனால் பொறியாளர்கள் தங்கள் கணக்கை முழுசாக நம்புகிறார்கள் என்று யார் சொன்னது?

2019 செப்டம்பரில் சந்திரயான்-2இன் விக்ரம் கலம் நிலவில் மோதி நொறுங்கியது. ஐந்து எஞ்சின்களும் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக உந்த, சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்துகொண்டே போயின. திருத்திக்கொள்ளக் கலம் சட்டென்று திரும்ப வேண்டும். அதற்கோ மென்பொருள் வரம்பு கட்டியிருந்தது. இறங்க ஒதுக்கிய இடமும் 500 மீட்டருக்கு 500 மீட்டர்தான்.

அடுத்த முறை எதெல்லாம் கெட்டுப்போகும் என்பதிலிருந்தே ஆரம்பித்தார்கள். உணரி செத்தால்? எஞ்சின் நின்றால்? கணக்குப் பிசகினால்? தோல்வியை அடிப்படையாகக் கொண்ட வடிவமைப்பு என்றார் இஸ்ரோவின் அப்போதைய தலைவர் சோமநாத். இறங்குமிடம் 4 கி.மீ.க்கு 2.4 கி.மீ. ஆக விரிந்தது. எரிபொருள் கூடியது. வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வந்து விழுந்தாலும் தாங்கும்படி கால்கள் உறுதிப்பட்டன. கலம் எப்படித் திரும்பி நின்றாலும் மின்சாரம் கிடைக்கட்டும் என்று மற்றப் பக்கங்களிலும் சூரியத் தகடு பதித்தார்கள்.

தமிழ்ச் சைவத்துக்கு இந்த வழி பழக்கமானது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் தம் சிவஞான சித்தியார் என்ற நூலை இரண்டாகப் பிரித்தார். முதலில் பரபக்கம், கடவுளை மறுக்கும் உலகாயதன் தொடங்கி எதிர்க்கட்சிக்காரர் ஒவ்வொருவரின் வாதத்தையும் எடுத்துவைத்து மறுப்பது. அப்புறம்தான் சுபக்கம், தன் கட்சி. பக்தியில் குறைந்தவரா அவர்? தன் நம்பிக்கை எங்கெல்லாம் இடிபடும் என்று பார்த்துவிட்டுத்தான் அதைக் கட்டினார்.

உலகாயதனாவது வாய் திறந்து பேசுவான். நிலவின் பள்ளம் பேசாது. அதன் வாதத்தையும் நாமேதான் யோசித்துச் சொல்லிக்கொள்ள வேண்டும். எவ்வளவு யோசித்தாலும் ஒன்றிரண்டு விட்டுப்போகும். அந்த மிச்சத்தை ஒருவர் மலையில் இறக்கி வைக்கிறார், இன்னொருவர் மனசுக்குள்ளேயே சுமக்கிறார். வேண்டுதலை நம்பி ஒரு சோதனையைக் குறைத்தால் கோயில் எதற்கு என்று கேட்டவர்கள் பக்கம் நியாயம் உண்டு. குறைக்காதவரை அது அவரவர் பாடு.

ஆகஸ்ட் 23 மாலை 6.04 மணிக்குச் சந்திரயான்-3இன் விக்ரம் பதமாக இறங்கியது. நாடே பட்டாசு வெடித்தது. செப்டம்பர் 3 அன்று, பத்திரமாக நின்றிருந்த அதே கலத்தின் எஞ்சின்களை மறுபடி இயக்கி, சுமார் 40 செ.மீ. எழுப்பி, சற்றுத் தள்ளி இறக்கிப் பார்த்தார்கள்.